ஃபிஃபா போன்ற விளையாட்டு அமைப்புகளின் 'கார்பன் தடம்' என்றால் என்ன? அதைக் குறைப்பது ஏன் கடினம்?

ஒரு வேலையால் நேரடியாகவும் மறைமுகமாகவும் காற்றில் சேர்ந்து, பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் மொத்தக் கணக்குதான் கார்பன் தடம். உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பான ஃபிஃபாவுக்கு, சூரிக்கில் இருக்கும் தலைமை அலுவலகத்தின் மின்சாரம் இதில் சிறு துளி. பெரும்பங்கு அது நடத்தும் போட்டிகளால் வருகிறது.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் கரண்ட் பில்லை மட்டும் பார்த்தால் செலவு குறைவாகத்தான் தெரியும். ஊர் ஊராக வந்த சொந்தக்காரர்களின் பஸ், ரயில், விமானக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு ஃபிஃபாவே போட்ட முன்மதிப்பீடு, கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சுமார் 36 லட்சம் டன். அதில் பாதிக்கு மேல் பயணத்தால் வருவது.

இந்தப் புகையை 2030க்குள் பாதியாகக் குறைப்போம், 2040க்குள் நிகர பூஜ்யத்தை (முடிந்தவரை குறைத்து, மிஞ்சும் புகையின் அளவுக்குக் காற்றிலிருந்து அகற்றிவிடும் நிலையை) எட்டுவோம் என்று 2021-ல் ஃபிஃபா உறுதி தந்தது. சரி, ஆனால் 2026-ல் அணிகள் 32-லிருந்து 48 ஆகவும், ஆட்டங்கள் 64-லிருந்து 104 ஆகவும் கூடின; களமோ அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று விரிந்தது. அப்புறம் 2030 போட்டிக்கு மூன்று கண்டங்கள். தூரத்தைக் கூட்டிக்கொண்டே புகையைப் பாதியாக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கத்தார் போட்டியை 'கார்பன் நடுநிலை' என்று ஃபிஃபா சொன்னது. அப்படியென்றால் புகையே வரவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வந்த புகைக்கு ஈடாக வேறெங்கோ குறைத்ததாகக் கணக்குக் காட்டுவதுதான் அது, கத்தார் போட்டிக்கு அந்தக் கணக்கை ஃபிஃபா நிரூபிக்கவில்லை என்று சுவிட்சர்லாந்தின் விளம்பர நெறிமுறைக் குழு 2023-ல் சொல்லிவிட்டது.