ஓடும் காளையைச் சுற்றி கோடுகள் ஏன்?

கேள்வி: எருதுவிடும் விழாவை ஏ.வி.சி.எச்.டி. கேம்கோடரில் எடுத்தோம். அதில் பதிவான எம்.டி.எஸ். வீடியோ ஃபைல்களை எம்பி4 ஆக மாற்றினால், ஓடும் காளையின் கொம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிகின்றன. போனில் சத்தமும் இல்லை. என்ன செய்வது?
– வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கேமராவில் கோளாறு இல்லை. நீங்கள் எடுத்தது ‘1080i’ என்ற இன்டர்லேஸ் முறை வீடியோ. இதில் ஒரு ஃபிரேம் என்பது ஒன்றுவிட்ட வரிகளாலான இரண்டு பாதிகள். இரண்டுக்கும் நடுவே 1/50 விநாடி இடைவெளி. அதற்குள் காளை நகர்ந்துவிடும். நிற்கும் கூட்டத்தில் கோடு தெரியாது, காளையில்தான் தெரியும்.

இலவச ஹேண்ட்பிரேக் மென்பொருளே போதும். ‘ஃபாஸ்ட் 1080பி30’ தேர்வு செய்து, ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸை (இந்தக் கோடுகளை நீக்கும் வசதி) ‘யாடிஃப்’, அதன் ப்ரீசெட்டை ‘பாப்’ என்று வையுங்கள். ‘பாப்’ ஒவ்வொரு பாதியையும் தனி ஃபிரேமாக்கும். எனவே ஃபிரேம் ரேட்டை (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) மறக்காமல் 50 ஆக்குங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: 30 என்றே விட்டால் ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும். தரத்துக்கான ஆர்.எஃப். எண்ணை 20 என்று வையுங்கள், எண் குறையக் குறைய தரமும் ஃபைல் அளவும் கூடும்.

சத்தம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் கேமரா பதிவு செய்யும் ஏசி3 என்ற ஒலி வடிவம். பல போன்களில் அது ஓடாது. ஆடியோவில் ‘பாஸ்த்ரூ’ (ஒலியை மாற்றாமல் அப்படியே விடுவது) வேண்டாம். ஏஏசி என்ற ஒலி வடிவம், 160 கேபிபிஎஸ் வையுங்கள்.

நீண்ட பதிவைக் கேமராவே 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக வெட்டிவிடும். எனவே கார்டிலிருந்து எம்.டி.எஸ். ஃபைலை மட்டும் எடுக்காமல், ஏ.வி.சி.எச்.டி. ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்யுங்கள். கேமராவுடன் வந்த மென்பொருள் அதை வைத்துத் துண்டுகளை இடைவெளியின்றி இணைக்கும். எம்பி4-ஐ முழுவதும் ஓட்டிப் பார்க்கும்வரை கார்டை அழிக்காதீர்கள்.