ஜெய்சல்மருக்கு ரயிலில் போனால் வழியில் பாலைவனம் தெரியுமா?

தெரியும், பகல் வண்டியாக இருந்தால். டெல்லியிலிருந்து இரவு வண்டியில் ஜோத்பூர் வந்துவிடுங்கள். மெஹ்ரான்கர் கோட்டை மேலிருந்து நீல வீடுகளைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஜெய்சல்மர் வண்டி பிடிக்கலாம். சுமார் 300 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம்.

ஆனால் சினிமாவில் வருகிற மணல்மேடுகளை ஜன்னலில் தேடாதீர்கள். வழியெல்லாம் புதர்க்காடும், நம்மூர் வன்னி மரமும்தான் (அங்கே கேஜ்ரி). பொக்ரான் தாண்டினால் அதுவும் குறைந்துவிடும். ஏசி இல்லாத பெட்டி என்றால் இருக்கை, பை, தலைமுடி எல்லாம் புழுதி; ஒரு துண்டு கையில் இருக்கட்டும்.

மணல்மேடுகளுக்கு ஜெய்சல்மரிலிருந்து சம் கிராமத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் போக வேண்டும். அப்புறம், ஜெய்சல்மர் ஊரிலேயே 1156-ல் எழுப்பிய மஞ்சள் கல் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். மே மாதம் வேண்டவே வேண்டாம்.