புகை டெஸ்ட்ல மாட்டின பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்: உங்க கேள்விகள், என் பதில்கள்

போன தடவை, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்க புகை டெஸ்ட்ல படுற பாட்டை எழுதுங்கன்னு போறபோக்குல ஒரு வரி போட்டேன், அவ்ளோதான், வந்து குவிஞ்சிருச்சு. நானும் ஒரு பழைய ரெண்டு சீட் கூப்பேவுக்கு வாக்கப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சே எழுதுறீங்க போல. எல்லாத்தையும் வெட்டித்தான் போட்டிருக்கேன். ஒருத்தர் கார் கலரைப் பத்தி மட்டும் முக்கால் பக்கம் எழுதியிருந்தார், டெஸ்ட்ல என்ன வந்துச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல.

கேள்வி: 25 வருஷ பழைய கார். புகை டெஸ்ட்ல ஃபெயில். மெக்கானிக் சொன்னார்னு ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் பண்ற பெட்டி) மூணும் புதுசு போட்டாச்சு. திரும்பவும் ஃபெயில். அடுத்து எதை வாங்கலாம் சார்?

பதில்: எதையும் வாங்காதீங்க. பர்ஸை உள்ள வச்சிட்டு டெஸ்ட்ல குடுத்த ஸ்லிப்பை வெளிய எடுங்க. மூணு பார்ட் பேர் எழுதியிருக்கீங்க, ஒரு நம்பர் கூட எழுதல. காய்ச்சல் எவ்ளோன்னு பாக்காம மருந்துக்கடையில இருக்கற எல்லா மாத்திரையும் வாங்கி முழுங்கின கதைதான் இது.

ஸ்லிப்ல கார்பன் மோனாக்சைடு மட்டும் எகிறியிருந்தா வண்டி ரிச்சா ஓடுது, அதாவது காத்துக்குத் தேவையானதைவிட பெட்ரோல் அதிகமா போகுது. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கா, ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டர் போயிடுச்சா, தெர்மோஸ்டாட் தொறந்தே நின்னு எஞ்சின் சூடே ஆகாம ஓடுதான்னு பாக்கணும். ஹைட்ரோகார்பன் எகிறியிருந்தா பெட்ரோல் எரியாமலே வெளிய வருது, அப்ப மிஸ்ஃபயர் எங்கன்னு தேடணும், பிளக் ஒயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இல்ல வால்வே சரியா மூடலயான்னு. ஹைட்ரோகார்பன் அதிகம், கார்பன் மோனாக்சைடு கம்மி, ஆக்சிஜனும் அதிகம்னு வந்தா பெரும்பாலும் எங்கயோ ஒரு வேக்யூம் ஹோஸ் வெடிச்சு கள்ளக்காத்து உள்ள போகுது, பழைய வண்டில ரப்பர் எல்லாம் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், அதை மாத்துற செலவு நீங்க வாங்கின கன்வெர்ட்டர்ல நூத்துல ஒரு பங்கு கூட வராது. ரோலர் மேல ஓட்டி டெஸ்ட் பண்ற இடத்துல நைட்ரஜன் ஆக்சைடும் பாப்பாங்க, அது ஏறினா எஞ்சினுக்குள்ள சூடு அதிகம்னு அர்த்தம், எக்ஸாஸ்ட் புகைல கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ள விடற ஈஜிஆர் வால்வு கரி புடிச்சு அடைச்சிருக்கலாம், டைமிங் ரொம்ப முன்னாடி வச்சிருக்கலாம், மிக்ஸ்சர் லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா காத்து அதிகமா இருக்கலாம்.

உங்களை ரொம்ப திட்டவும் முடியல. நானே என் கூப்பேவுக்கு ஆக்சிஜன் சென்சர் ரெண்டு தடவை மாத்தினேன், முதல் சென்சர் டூப்ளிகேட்டுன்னு சந்தேகப்பட்டு ரெண்டாவது. கடைசில பிரச்சனை கட்டைவிரல் சைஸ்ல இருக்கற கூலன்ட் டெம்பரேச்சர் சென்சர். எஞ்சின் கொதிக்கற அளவுக்கு சூடானாலும் அது "இன்னும் குளிருது, இன்னும் குளிருது"ன்னு கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லிட்டே இருந்திருக்கு, கம்ப்யூட்டரும் பாவம் பெட்ரோலை ஊத்திட்டே இருந்திருக்கு. கழட்டின ரெண்டு ஆக்சிஜன் சென்சரும் நல்லாத்தான் இருந்துச்சு.

கேள்வி: டேங்க்ல ஊத்தினா எமிஷன் பாஸ் ஆகும்னு பாட்டில் விக்கிறாங்களே, வாங்கலாமா?

பதில்: இஞ்செக்டர்ல அழுக்கு இருந்தா கொஞ்சம் உதவும், செத்த கன்வெர்ட்டரை எழுப்பாது. நான் வாங்கினது நாலு பாட்டில், ரெண்டு இன்னும் சீல் கூட உடைக்காம இருக்கு, வேணுமா?

கேள்வி: ரொம்ப நாள் ஆசைப்பட்டு, சேத்து வச்ச காசுல ஒரு கூப்பே வாங்கினேன். விளம்பரத்துல "எல்லாம் ஒரிஜினல், டெஸ்ட் பாஸ்"னு போட்டிருந்தார், ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எடுத்த ஸ்லிப்பும் காட்டினார். என் பேருக்கு மாத்தறப்ப டெஸ்ட் எடுத்தா எல்லாமே தாறுமாறா ஃபெயில். லிஃப்ட்ல ஏத்திப் பாத்தா கன்வெர்ட்டர் வெறும் கூடு, உள்ள ஒண்ணும் இல்ல. வித்தவர் என் நம்பரை பிளாக் பண்ணிட்டார். என் முட்டாள்தனம்தானே சார்?

பதில்: இல்லம்மா. ஸ்லிப் கேட்டிருக்கீங்க, தேதி பாத்திருக்கீங்க, அதுக்கு மேல ஒரு சாதாரண ஆள் என்ன பண்ண முடியும். இது திட்டம் போட்டு செஞ்ச வேலை. நல்ல கன்வெர்ட்டர் ஒண்ணை டெஸ்ட் அன்னிக்கு மட்டும் மாட்டி, ஸ்லிப் வாங்கினதும் கழட்டிட்டு இந்தக் கூட்டை மாட்டியிருப்பான். அவன்னுதான் எழுதுவேன், ர் போட மனசு வரல.

இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா வயித்தெரிச்சல் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. கன்வெர்ட்டர்ங்கறது சைலன்ஸரோட தம்பி கிடையாது. உள்ள தேன்கூடு மாதிரி பீங்கான், அதுல ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஓட்டை, அந்த சுவத்து மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு மெல்லிசா ஒரு பூச்சு. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரிச்சு முடிக்கும், நைட்ரஜன் ஆக்சைடைப் பிரிச்சு வெறும் நைட்ரஜனா அனுப்பும். ஒரே பெட்டில இந்த மூணு வேலையும் நடக்கணும்னா காத்தும் பெட்ரோலும் எடைக்கணக்குல 14.7-க்கு 1-ங்கற அளவை ஒட்டியே இருக்கணும், அதைப் பாத்துச் சொல்லத்தான் 1976-ல வால்வோ கார்ல போஷ் கம்பெனியோட லாம்டா சென்சர், அதாவது ஆக்சிஜன் சென்சர், வந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் பெட்ரோல் கார் எல்லாம் அந்த வழிலதான் போகுது. இவ்ளோ மூளை போட்டு செஞ்ச பொருளை ஒரு கம்பியால குத்தி உடைச்சுக் கொட்டிட்டு "ஃப்ரீ ஃப்ளோ, பவர் கூடும்"னு பீத்திக்கறது. கம்பெனில இருந்து வந்தபடியே இருக்கற எஞ்சின்ல இதனால கூடறது சத்தம்தான், அதோட கண்ணு எரியற நாத்தம். உடைச்சது உன் இஷ்டம்னே வச்சுக்குவோம், அதை மறைச்சு அடுத்தவங்க தலைல கட்டறது திருட்டு. அந்த பூச்சுல இருக்கற உலோகத்துக்கு நல்ல விலை இருக்கு, அதுக்காகவே ராத்திரில காருக்கு அடியில படுத்து அறுத்துட்டுப் போற கும்பல் இருக்கு. ராத்திரி அறுக்கறவனுக்கும் விளம்பரத்துல "ஒரிஜினல்"னு போட்டு விக்கறவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல.

சரி, இப்ப நீங்க செய்ய வேண்டியது. அந்தக் கூட்டை இன்னும் கழட்டாதீங்க, தூக்கிப் போடவே போடாதீங்க. வித்தவனுக்கு சம்பந்தம் இல்லாத வேற ஒரு வொர்க்ஷாப்ல காட்டி, என்ன இருக்கு என்ன இல்லன்னு போட்டோவோட எழுத்துல வாங்குங்க. விளம்பரம், சாட், பணம் அனுப்பின ரசீது, பழைய ஸ்லிப், புது ஸ்லிப் எல்லாத்தையும் ஒரே இடத்துல சேருங்க. அப்புறம் இன்ன தேதிக்குள்ள சரி பண்ணிக் குடு, இல்ல பணத்தைத் திருப்பிக் குடுன்னு ஒரு நோட்டீஸ் எழுத்துல போகணும், போன்ல கத்தறது எல்லாம் கணக்குல வராது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், டீலர்கிட்ட வாங்கினா பிடி இன்னும் கொஞ்சம் இறுக்கமா கிடைக்கும், ஆனா தனி ஆள் வித்திருந்தாலும் "எல்லாம் ஒரிஜினல்"னு அவன் கையால போட்ட அந்த வரி உங்க கைல இருக்கு, அதை விடாதீங்க.

வாங்கப் போற மத்தவங்க, வண்டி ஆறியிருக்கும்போதே அடியில குனிஞ்சு கன்வெர்ட்டரை ஒரு ரப்பர் சுத்தியலால லேசா தட்டிப் பாருங்க. கலகலன்னா உள்ள பீங்கான் உடைஞ்சிருக்கு, காலி டின் மாதிரி கேட்டா உள்ள ஒண்ணும் இல்ல. கூட்டுல சம்பந்தமில்லாம ஒரு வெல்டிங் கோடு ஓடினா ஏன்னு கேளுங்க. முடிஞ்சா வண்டியை நீங்களே கூட போய் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க.

கேள்வி: வீட்டுல இருந்து அஞ்சு நிமிஷத்துல டெஸ்ட் சென்டர். போனேன், வண்டியை ஆஃப் பண்ணிட்டு வரிசைல முக்கா மணி நேரம் நின்னேன், ஃபெயில். கடுப்புல ஒரு லாங் டிரைவ் அடிச்சிட்டு வந்து திரும்பக் குடுத்தா பாஸ். மிஷின் கோளாறுதானே?

பதில்: மிஷின் சரி, வண்டி பச்சத்தண்ணி. கன்வெர்ட்டர் கிட்டத்தட்ட 300 டிகிரி சூட்டுக்கு வந்தாதான் வேலையே ஆரம்பிக்கும், ஆக்சிஜன் சென்சரும் அப்படித்தான். அடுத்த தடவை ஒரு இருபது நிமிஷம் ஒரு கியர் கம்மியா வச்சு நல்லா ஓட்டிட்டுப் போங்க, வரிசைலயும் ஆஃப் பண்ணாதீங்க. கடுப்புல நீங்க செஞ்சதுதான் சரியான வைத்தியம்.

கேள்வி: செக் எஞ்சின் லைட் எரிஞ்சுது. ஸ்கேனர் வாங்கி டெஸ்ட் சென்டர் வாசல்லயே எரர் கோடை (error code) அழிச்சேன். உள்ள "ரெடி இல்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஸ்கேனர் மோசமா?

பதில்: ஸ்கேனர் பத்தி கேள்வியா இது. கோடை அழிச்சா கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதிச்சு வச்ச ரிசல்ட்டும் சேந்து அழியும், அதைத்தான் ரெடினஸ்னு பாக்கறாங்க, வாசல்ல அழிச்சிட்டு வர்றவங்களைப் பிடிக்கறதுக்குன்னே வச்சது அது. பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டினாலும் இதே கதிதான். லைட் ஏன் எரிஞ்சுதோ அதை சரி பண்ணுங்க, அப்புறம் சில நாள் சாதாரணமா ஓட்டுங்க, காலைல ஆறின எஞ்சின்ல ஸ்டார்ட், கொஞ்சம் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காம நின்ன இடத்துல ஓடறது), ஹைவேல ஒரே வேகத்துல கொஞ்ச தூரம். டேங்க் கால்வாசிக்கும் முக்கால்வாசிக்கும் நடுவுல இருக்கட்டும், இல்லன்னா பல வண்டில பெட்ரோல் ஆவி கசிவு டெஸ்ட் ஓடவே ஓடாது. என்ன கோடு இருந்துச்சுன்னு குறிச்சு வச்சீங்களா? கடிதத்துல இல்ல. அழிச்சாச்சு, போச்சு.

கேள்வி: மஸ்டா ஆர்எக்ஸ்-7 வாங்கினேன். ஹைட்ரோகார்பன் எப்பவும் ஃபெயில். "ரோட்டரி எஞ்சின் எல்லாமே அப்படித்தான்"னு வித்தவர் சொல்றார். உண்மையா?

பதில்: பாதி உண்மை, அதனாலதான் ஆபத்து. ரோட்டரில பிஸ்டனுக்கு பதிலா முக்கோண ரோட்டர் சுத்தும், அதோட முனைல இருக்கற அப்பெக்ஸ் சீல் தேயாம இருக்க கொஞ்சம் ஆயிலை வேணும்னே உள்ள விட்டு எரிக்குது, எரியற அறையும் நீளமா தட்டையா இருக்கறதால ஓரத்துல நெருப்பு அணைஞ்சு பெட்ரோல் தப்பிச்சிடுது, அதனால ஹைட்ரோகார்பன் இயல்பாவே ஜாஸ்தி. ஆனா 1978-ல முதல் ஆர்எக்ஸ்-7 விக்கறப்பவே இது அவங்களுக்குத் தெரியும், அதுக்குத்தான் எக்ஸாஸ்ட்டுக்குள்ள புதுக்காத்து அடிச்சு மிச்சத்தை எரிக்கற ஏற்பாடு வச்சாங்க. போனட்டைத் தொறந்து ஏர் பம்ப் இருக்கான்னு பாருங்க. வெயிட் குறைக்கறேன்னு யாராவது கழட்டி எறிஞ்சிருப்பாங்க, தேடிப் பிடிச்சு திரும்ப மாட்டுங்க.

பம்ப் ஒழுங்கா இருந்தும் ஃபெயில்னா கம்ப்ரஷன் பாக்கணும், அதையும் ரோட்டரிக்குன்னு இருக்கற டெஸ்டர்ல. சாதா கேஜ் ரோட்டரோட மூணு முகத்துல எது நல்லா இருக்கோ அதை மட்டும் காட்டிட்டு மத்த ரெண்டையும் மறைச்சிடும். வாங்கறதுக்கு முன்னாடி பாத்திருக்க வேண்டியது இது. நீங்க பாத்தது பாப்-அப் ஹெட்லைட்டை. நானும் அதைப் பாத்துதான் ஒரு தடவை ஏமாந்தேன், அதுல ஒரு கண்ணு தொறக்கவே தொறக்காது, அது தனிக்கதை.

கேள்வி: ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்டதுல இருந்து ஐடில் டெஸ்ட்ல ஹைட்ரோகார்பன் ஃபெயில். டியூனிங்ல சரியாகுமா?

பதில்: பெருசா ஆகாது. அந்த கேம்ல உள்ள விடற வால்வும் வெளிய விடற வால்வும் ஒண்ணா தொறந்திருக்கற நேரம் கூடிடுச்சு, ஐடில்ல பெட்ரோல் நேரா வெளிய ஓடுது. பழைய கேமைத் தூக்கிப் போடலைன்னு சொல்லுங்க.

கேள்வி: ரெண்டு கார்பரேட்டர் வச்ச பழைய ரோட்ஸ்டர். டெஸ்ட் அன்னிக்கு மட்டும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகி லீன் பண்ணிட்டுப் போன்னு நண்பர் சொல்றார். பண்ணலாமா?

பதில்: ஓரளவுக்குப் பண்ணலாம், கார்பன் மோனாக்சைடு இறங்கும். ஆசைப்பட்டு இன்னும் இன்னும்னு திருகினா பத்த வைக்கவே பெட்ரோல் பத்தாம மிஸ்ஃபயர் ஆகி ஹைட்ரோகார்பன் எகிறும், அதுல ஃபெயில் ஆவீங்க. ரொம்ப லீனா வச்சே ஹைவேல விரட்டினா பிஸ்டனுக்கும் ஆகாது. அதுக்கு முன்னாடி சோக் முழுசா தொறக்குதா, ரெண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காத்து இழுக்குதா, ஃப்ளோட் லெவல் சரியான்னு பாருங்க. நான் கார்பரேட்டர் ரிப்பேர் கிட் ரெண்டு செட் வாங்கிப் போட்டுட்டு, அதுக்கப்புறம்தான் சோக் கேபிள் பாதில மாட்டிக்கிட்டு நின்னதைப் பாத்தேன். இன்னொண்ணு, பல இடத்துல வண்டி தயாரிச்ச வருஷத்தைப் பொறுத்து லிமிட் மாறும். உங்க ஸ்லிப்ல எந்த வருஷம் அடிச்சிருக்காங்கன்னு பாருங்க, தப்பா புது வண்டி லிமிட்டை வச்சு ஃபெயில் பண்ணியிருந்தா ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம், கவுன்ட்டர்ல போய் சண்டை போடுங்க.

கேள்வி: விலை கம்மியா ஒரு யுனிவர்சல் கன்வெர்ட்டர் போட்டேன். பாஸ் ஆச்சு. எட்டே மாசத்துல திரும்ப ஃபெயில். ஏமாத்திட்டாங்களா?

பதில்: நானும் அதே மாதிரி ஒண்ணு வாங்கினவன்தான், கை குடுங்க. விலை கம்மின்னா பெரும்பாலும் உள்ள பூச்சு கம்மி. வாரன்ட்டி பேப்பர் இருந்தா இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க. ஆனா அவங்க முதல்ல கேக்கப் போறது வண்டி ஆயில் குடிக்குதா, கூலன்ட் குறையுதா, மிஸ்ஃபயர் இருக்கான்னுதான், இதுல எது இருந்தாலும் எவ்ளோ ஒஸ்தி கன்வெர்ட்டரும் செத்துடும். அந்த பதில் உங்ககிட்ட ரெடியா இருக்கணும்.

கேள்வி: எல்லாம் பாத்தாச்சு, அலுத்துடுச்சு. பேசாம வித்துடலாம்னு இருக்கேன். கன்வெர்ட்டர் காலின்னு வாங்கறவர்கிட்ட சொல்லியே ஆகணுமா?

பதில்: சொல்லிட்டு வித்தா கொஞ்சம் விலை குறையும். சொல்லாம வித்தா அவர் எனக்கு கடிதம் எழுதுவார், அதை வெட்டாம முழுசா போடுவேன்.