உபயம்: கிரானைட் தரை

அன்புள்ள சார்,

வணக்கம். 2024 நவம்பரில் திருச்செந்தூரில் தெய்வானை யானை தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்ற செய்தி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. கோயில் யானைகளையெல்லாம் காட்டில் விட்டுவிட வேண்டும் என்கிறேன் நான். யானை இல்லாமல் என்ன கோயில் என்கிறார் அப்பா. போகும்போதெல்லாம் பழமும் வெல்லமும் வாங்கிப்போய்க் கொடுப்பவர் அவர். போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனேன். யானை கொட்டகையில் நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது. "அம்மா, டான்ஸ் ஆடுது" என்று கைதட்டினாள். எனக்கு என்னவோ போலிருந்தது. கேரளத்தில் இயந்திர யானை வந்துவிட்டதே, இங்கும் கொண்டுவந்தால் என்ன? காட்டில் விடுவதா, கோயிலிலேயே வைத்திருப்பதா? உங்கள் கருத்து என்ன?

சுபா

அன்புள்ள சுபா,

உங்கள் மகள் கைதட்டியதில் தப்பில்லை, குழந்தை. உங்களுக்கு என்னவோ போலிருந்தது பாருங்கள், அதுதான் சரி. அது ஆட்டமே இல்லை. ஒரே இடத்தில் கட்டிப்போட்டு, செய்வதற்கு எதுவும் இல்லாமல், பேச்சுத் துணைக்கு இன்னொரு யானையும் இல்லாமல் வருடக்கணக்கில் நின்றால் யானை இப்படி அசையத் தொடங்கிவிடும். பாதத்தில் வலி இருந்தாலும் காலை மாற்றி மாற்றி ஊன்றும். உங்கள் கடிதம் வந்தபோது நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சமீபத்தில் ஒரு கோயிலில் புதிய யானைக் கொட்டகையைப் பார்த்தேன். தரை முழுக்கப் பளபளக்கும் கிரானைட். சுவரில் உபயதாரர் குடும்பத்தின் பெயர்கள், பேரப்பிள்ளை வரைக்கும். அதன் மேல் நின்றுகொண்டிருந்தது யானை, அதன் மூத்திரத்திலேயே.

முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன். இயந்திர யானை: திருச்சூர் பக்கம் இரிஞ்ஞாடப்பிள்ளி கோயிலில் 2023இல் வைத்தார்கள். நல்லது, வைக்கட்டும். இனி எந்தக் கோயிலும் புதிதாக யானை வாங்காமல் இருக்க அது உதவுமானால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் இப்போது கொட்டகையில் நிற்கிற யானைக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

காட்டில் விடுவது: கோபித்துக்கொள்ளாதீர்கள், இது சோம்பேறித்தனமான யோசனை. சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம். குட்டியிலிருந்தே மனிதன் கையால் கவளம் வாங்கித் தின்ற யானையைக் காட்டு மந்தை சுலபமாகச் சேர்த்துக்கொள்ளாது. அது பசித்தால் காட்டுக்குள் போகாது, பக்கத்து ஊருக்குள்தான் வரும். மசினியின் கதை தெரியும்தானே? முதுமலை முகாமில் வளர்ந்த குட்டி. சமயபுரம் கோயிலுக்குக் கொடுத்தார்கள். 2018 மே மாதம் கோயிலுக்குள்ளேயே பாகனைக் கொன்றாள். திரும்ப முதுமலைக்கே கொண்டுபோனார்கள். 2023இல் அங்கேயும் ஒரு பாகன் செத்தார். ஆகவே "காடு" என்று சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. நோயுற்றவற்றுக்கும் கைவிடப்பட்டவற்றுக்கும் அப்படிப்பட்ட இடங்கள் வேண்டும், நிறைய வேண்டும். அவ்வளவுதான் அதில் சொல்ல இருக்கிறது.

இனி பாதத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்கவில்லை, பரவாயில்லை.

தாமிரபரணிக் கரையில் என் மாமா ஊர். அங்கே கோயில் யானையை விடியற்காலை ஆற்றுக்கு ஓட்டிப்போவார் பாகன். நாங்கள் பையன்கள் பின்னாலேயே போவோம். குளிப்பாட்டி முடித்ததும் முன்னங்காலைத் தூக்கச் சொல்லித் தன் தொடை மேல் வைத்துக்கொள்வார். "ஏல, இங்க வந்து பாருல" என்று என்னைக் கூப்பிட்டார் ஒரு நாள். உள்ளங்கால் வறண்ட கண்மாய்த் தரை போல வெடித்துக் கிடந்தது. "விரல வுட்டுப் பாரு." பெருவிரல் நகத்துக்குக் கீழே இருந்த பிளவில் என் சுண்டுவிரல் முழுசாக உள்ளே போயிற்று. உள்ளே சூடாக இருந்தது. அவர் சின்னக் கத்தியால் அதற்குள்ளிருந்து ஒரு சரளைக்கல்லைத் தோண்டி எடுத்தார். ஓரத்துத் தோலைச் சீவி, நகத்தை அரத்தால் ராவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அடைத்தார். யானை அத்தனை நேரமும் மூன்று காலில் நின்றது. தும்பிக்கை நுனியால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது.

யானை கிட்டத்தட்ட விரல் நுனியில்தான் நடக்கிறது. விரல்களுக்குப் பின்னால் கொழுப்பாலான ஒரு மெத்தை, மூன்று நாலு டன் எடையையும் அதுதான் தாங்குகிறது. உள்ளங்கால் தோலும் நகமும் வளர்ந்துகொண்டே இருக்கும். காட்டில் மைல் கணக்கில் நடக்கும்போது தானாகத் தேய்ந்துவிடும். கொட்டகையில் எங்கே தேய்வது? தடித்து வெடிக்கும். வெடிப்பில் சாணமும் மூத்திரமும் இறங்கும், சீழ் பிடிக்கும், முற்றினால் எலும்பு வரைக்கும் போகும். அப்புறம் மூட்டு. மூட்டு வலி வந்த யானை படுக்காது. படுத்தால் எழ முடியாது என்று அதற்குத் தெரியும். இரவெல்லாம் சுவரில் சாய்ந்து நிற்கும். உலகம் முழுக்க, வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைகள் உட்பட, வளர்ப்பு யானைகளைச் சாகடிப்பதில் பாத நோய்க்கும் மூட்டு நோய்க்கும் பெரிய பங்குண்டு. மண் தரையில் இதெல்லாம் முழுக்க வராமல் போகாது, ஆனால் குறையும். மூத்திரம் ஊறி இறங்கும், ஒரு பக்கமாகச் சரித்துவிட்ட மண் குவியலில் சாய்ந்து படுத்து எழலாம், மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு பொழுதும் போகும்.

ஒரு லாரி மண் சுபா! அதைக் கேட்டால் "கோயில் அசுத்தமாகிவிடும்" என்கிறார்கள். யாருக்கு அசுத்தம்? செல்ஃபி எடுக்க வருகிறவர்களுக்கு. மாமா ஊர்க் கொட்டகைக்கும் பிற்காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் டைல்ஸ் உபயம் செய்தார். ஈரமானால் மனிதன் வழுக்கி விழுகிற டைல்ஸ். அதன் பிறகு அந்த யானை படுத்து யாரும் பார்க்கவில்லை. 2022 நவம்பரில் புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியின்போது சாலையில் சரிந்து இறந்தபோது ஊரே அழுதது. பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். உயிரோடு நிற்கிற யானையின் தரையை ஒரு தடவை குனிந்து பார்க்க அந்த ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்குத் தோன்றும் என்றுதான் கேட்கிறேன்.

2003இல் முதுமலையில் தொடங்கி, பிறகு மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டிக்குப் போன, கோயில் யானைகளுக்காக நடந்துவந்த 48 நாள் புத்துணர்வு முகாமை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். லாரியில் ஏற்றி அலைக்கழித்தது உண்மை. 2021இல் அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் யானையைப் பாகன் அடித்த வீடியோவையும் பார்த்தோம். இருந்தாலும் பவானிக் கரையில் மண்ணும் தண்ணீரும் மற்ற யானைகளும் இருந்தன. மிச்சம் முந்நூற்றுச் சொச்சம் நாளைக்கு வழி என்ன என்பதுதான் அப்போதும் கேள்வி.

அப்பாவிடம் வெல்லத்தை நிறுத்தச் சொல்லுங்கள், கோபித்தாலும் சரி. நடையில்லாமல் எடை ஏறினால் அதுவும் அந்தப் பாதத்தின் மேல்தான் இறங்கும். அந்தக் காசுக்குப் பசுந்தீவனம் வாங்கிக் கோயில் அலுவலகத்தில் கொடுக்கட்டும். பிறகு செயல் அலுவலருக்கு அவரையே ஒரு மனு எழுதச் சொல்லுங்கள், பெரியவர் சொன்னால் கொஞ்சம் கேட்பார்கள். கொட்டகையில் பாதி இடத்துக்காவது கல்லைப் பெயர்த்துவிட்டு மண் கொட்ட வேண்டும், மூத்திரம் ஓடி வடிய வாட்டம் வேண்டும், கால்நடை மருத்துவர் வரும்போது நான்கு பாதங்களையும் தூக்கிப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆற்று மணல் கிடைக்காது என்பார்கள். செம்மண் போதும், கண்ணாடித் துண்டும் ஆணியும் இல்லாமல் சலித்துக் கொட்டச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.