பேனரின் ஒரு முனை

வணக்கம் சார்,

நான்கைந்து வருடமாக உங்களை வாசிக்கிறேன். இதுதான் முதல் கடிதம். பெயர் போட வேண்டாம்.

எனக்கு 28 வயது, தனியார் நிறுவனத்தில் வேலை. நான் குடியிருக்கும் அடுக்ககத்துக்குப் பின்னால் ஐம்பது அறுபது குடிசை வீடுகள் இருக்கின்றன. காலி செய்யச் சொல்லி அவர்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. மாற்று இடம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எதிர்த்து ஆர்ப்பாட்டம் என்று வாட்ஸப்பில் வந்த செய்தியைப் பார்த்துப் போனேன். வாழ்க்கையில் முதல் முறை.

யாரையும் தெரியாது. ஓரமாக நின்றேன். ஒரு வயதான அம்மா வந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பிடி" என்று பேனரின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். ஒரு மணி நேரம் பிடித்தேன். மைக்கில் ஐந்து பேர் பேசினார்கள். பாதி விளங்கவில்லை. முடிந்ததும் அந்த அம்மா பேனரைச் சுருட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான். ஒரு கம்பம் செய்கிற வேலையை நான் செய்தேன் என்று தோன்றியது.

என் கேள்விகள்: இதற்கெல்லாம் பலன் உண்டா? பாதிக்கப்படாத நான் அங்கே போய் நிற்பது நடிப்பு இல்லையா? வேலைக்கு ஆபத்து வருமா? கூச்ச சுபாவம் உள்ளவன், மேடையில் பேச வராது. என்னைப் போன்றவன் என்னதான் செய்ய முடியும்?

*

அன்புள்ள நண்பருக்கு,

கம்பத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். என் முதல் கூட்டத்தில் நான் கம்பமாகக்கூட இல்லை. அதைவிட மோசம், பேச்சாளராக இருந்தேன். இருபத்து நான்கு வயது, கொஞ்சம் படித்திருந்தேன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. எழுந்து நின்று பதினைந்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெண்மணி ஒரு நாற்பது பக்க நோட்டை என் மடியில் வைத்து, "பேசியாச்சு இல்ல? இப்ப வந்தவங்க பேரையும் போன் நம்பரையும் எழுது" என்றார். முப்பத்தொன்று பேர். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொருவரும் பெயரோடு நிறுத்தவில்லை, கூடவே ஒரு கதையும் சொன்னார்கள். என் பேச்சில் இருந்த பாதி விஷயம் தவறு என்று அந்த முக்கால் மணி நேரத்தில்தான் தெரிந்தது.

மறுநாள் அந்த நோட்டை வைத்துக்கொண்டு முப்பத்தொன்று பேருக்கும் போன் போடச் சொன்னார். "நேத்து வந்தீங்க, சந்தோஷம், அடுத்த கூட்டம் இன்ன நாள்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். போன் எடுத்தவர்களில் பெரும்பாலானோர் அடுத்த முறை வந்தார்கள். எடுக்காதவர்களில் ஒருவரோ இருவரோதான்.

உங்களுக்கு நடக்காமல் போனது அதுதான். யாரும் உங்கள் பெயரைக் கேட்கவில்லை, யாரும் மறுநாள் கூப்பிடவில்லை. அது உங்கள் குறை இல்லை, நடத்தியவர்களின் குறை. ஆனால் அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வீட்டை இடிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் தூங்கப் போகிறவர்கள், மைக் வாடகைக்கும் அனுமதிக்கும் அலைந்தவர்கள், புதிதாக வந்த ஒருவரிடம் நின்று பேசவில்லை என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்ப்பாட்டத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இல்லை. அன்று மாலை நீங்கள் பார்த்தது வெளியே தெரிகிற பகுதி. வேலை அதற்கு முந்தைய மாதத்திலும் பிந்தைய மாதத்திலும் நடக்கிறது.

ரோசா பார்க்ஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரம், 1955 டிசம்பர் 1. பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண், கைது, அதன் பிறகு நகரமே பேருந்தைப் புறக்கணித்தது. இந்தக் கதையை நமக்குச் சொல்லும்போது களைத்துப் போன ஒரு பாட்டி திடீரென்று கோபப்பட்டது போலச் சொல்வார்கள். அவருக்கு அப்போது வயது 42. 1943-லிருந்து கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் அந்த ஊர்க் கிளையில் செயலாளராக இருந்து குறிப்பெடுத்தவர், கடிதம் எழுதியவர், வன்முறைக்கு ஆளானவர்களிடம் வாக்குமூலம் வாங்கப் போனவர். 1955 கோடையில்தான் வேறொரு மாநிலத்துக்குப் போய் இப்படிப்பட்ட போராட்டங்களுக்கான இரண்டு வாரப் பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, அதே வருடம் மார்ச்சில், க்ளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி அதே ஊரில் அதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தாள். பிறகு பேருந்துப் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன வழக்கில் அவளும் ஒரு மனுதாரர்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் ரோசா பார்க்ஸ் இல்லை. ஜோ ஆன் ராபின்சன். கல்லூரியில் ஆங்கில ஆசிரியை. பேருந்தைப் புறக்கணிக்கும் யோசனையை அவரும் அவருடைய பெண்கள் சங்கமும் கைதுக்கு ஒன்றரை வருடம் முன்பே பேசி வைத்திருந்தார்கள். மேயருக்குக் கடிதமும் போயிருந்தது. வியாழக்கிழமை கைது. அன்று இரவு ராபின்சன் தன் கல்லூரிக்குப் போய், ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடிய பல்லாயிரக்கணக்கான துண்டுப் பிரசுரங்கள் அடித்தார். ஒரு தாளில் மூன்று பிரசுரம் வருகிற மாதிரி. வெள்ளிக்கிழமை அவை ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. திங்கட்கிழமை பேருந்துகள் காலியாக ஓடின. யார் வீட்டுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற பட்டியல் அவர்கள் கையில் முன்பே இல்லாமல் மூன்றே நாளில் இது நடந்திருக்காது.

அப்புறம் 381 நாள். கறுப்பின மக்களுக்கு வேலைக்குப் போக வழி வேண்டுமே. சுமார் 300 கார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆட்களை ஏற்றி இறக்கின. யார் எந்த முனையில் எத்தனை மணிக்கு நிற்பது, பெட்ரோலுக்கு யார் காசு கொடுப்பது, டயர் பஞ்சரானால் என்ன செய்வது என்று ஒரு போக்குவரத்துக் குழு உட்கார்ந்து பேசியது. அந்தப் புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தப் பஞ்சர் ஒட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் இல்லாமல் 381 வந்திருக்குமா?

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கடைசிக் கேள்வி. மேடையில் பேச வராது என்கிறீர்கள். நல்லது. பேசுவதற்கு எங்கேயும் ஆள் குறைவதில்லை. என் அனுபவத்தில் எந்தக் குழுவிலும் ஆள் கிடைக்காத வேலைகள் வேறு. கூட்டத்தில் என்ன முடிவானது என்று அன்றிரவே எழுதி எல்லோருக்கும் அனுப்புவது. மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைப்பது. அம்மாக்கள் கூட்டத்தில் இருக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. கணக்கு.

கணக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் இருந்த ஒரு குழு உடைந்தது போலீஸ் தடியடியாலோ அரசியல் மிரட்டலாலோ இல்லை. உண்டியல் குலுக்கிச் சேர்த்த கொஞ்சம் பணத்துக்குக் கணக்கு எழுதாததால். யாரும் திருடவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். பணம் பேனர், ஆட்டோ, தேநீர் என்று போயிருக்கும். ஆனால் ஒருவர் கேட்டார், இன்னொருவர் முறைத்தார், மூன்றாவது வாரம் பாதிப் பேர் வரவில்லை. பத்து வருட நட்புகள் போயின. வரவு, செலவு, யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒன்று இருந்து, அதை ஒவ்வொரு கூட்டத்திலும் சத்தமாகப் படித்திருந்தால் போதும். நீங்கள் அலுவலகத்தில் எக்செல் போடுகிறவராக இருந்தால், தயவுசெய்து அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதிக்கப்படாதவன் போய் நிற்பது நடிப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. போய் நிற்பது நடிப்பு இல்லை. அவர்கள் வாயைப் பிடுங்கிக்கொண்டு நாம் பேச ஆரம்பித்தால் அது நடிப்பைவிடக் கேடு. ராஜஸ்தானில் 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தொடங்கியபோது அதில் அருணா ராய் இருந்தார். ஐஏஎஸ் பதவியை விட்டு வந்தவர். கிராமத்துக் கூலித் தொழிலாளி இல்லை, வெளியாள்தான். அந்த அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணையை நடத்தியது. அங்கே பெரிய சொற்பொழிவு எதுவும் தேவைப்படவில்லை. அரசுப் பணிகளுக்கான கூலிப் பட்டியலையும் பில்களையும் ஊர் நடுவில் வைத்துச் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. சம்பந்தப்பட்டவர்களே எழுந்து "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்றார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தாளைப் படித்தார்கள், உண்மை தெரிந்தவர்கள் உண்மையைச் சொன்னார்கள். இந்தத் தாள்களைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா, பிறகு நாடு முழுக்கப் பல அமைப்புகள் சேர்ந்த இயக்கம், கடைசியில் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

உங்கள் நிலைமைக்கும் இது பொருந்தும். அந்த நோட்டீஸை நீங்கள் முழுதாகப் படித்தீர்களா? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, பதில் சொல்ல எத்தனை நாள், கையெழுத்திட்ட அதிகாரி யார், அந்த இடம் யாருடைய ஆவணத்தில் என்னவாக இருக்கிறது. அதைப் பொறுமையாக உட்கார்ந்து படித்து, குடியிருப்பவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஒருவர் வேண்டும். முடிவு அவர்களுடையது. அவர்கள் எடுக்கிற முடிவு உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். ஒருவேளை பாதிப் பேர் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பத் தயாராக இருப்பார்கள். அப்போது அவர்களிடம் கொள்கை பேசாதீர்கள். இடிகிறது உங்கள் கூரை இல்லை.

இன்னொன்று, ஆர்ப்பாட்டத்தில் படம் எடுத்தால் முகம் தெரிகிற மாதிரி கேட்காமல் போடாதீர்கள். நீங்கள் அடுக்ககத்துக்குத் திரும்பிவிடுவீர்கள். அவர்கள் நாளைக்கும் அதே அதிகாரியிடம்தான் போய் நிற்க வேண்டும். அதற்காக இணையத்தில் பகிர்வதைக் கேலி செய்பவன் இல்லை நான். நீங்களே வாட்ஸப் பார்த்துத்தானே போனீர்கள். நாள், நேரம், இடம், என்ன கோரிக்கை, யாரைத் தொடர்புகொள்வது என்று ஐந்தும் இருக்கிற பதிவு, ஆவேசமான ஐம்பது பதிவுக்குச் சமம்.

வேலைக்கு ஆபத்து வருமா என்றால், வரலாம், வராமலும் போகலாம். தைரியமாகப் போங்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்குச் சுலபம், அதனால் சொல்ல மாட்டேன். உங்கள் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள், பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்ட அன்றோடு சரி. அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். நிறுவனத்தின் பெயரை இழுக்காதீர்கள். அனுமதி வாங்கிய கூட்டமா என்று முன்பே கேளுங்கள். தெரிந்த ஒருவரோடு போங்கள். ஒரு வழக்கறிஞரின் எண்ணைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள், போன் சார்ஜ் இறங்குகிற நேரம் பார்த்துத்தான் தேவைப்படும். இவ்வளவு செய்தும் பயமாக இருந்தால் வீதிக்கு வர வேண்டியதில்லை. மேலே சொன்ன நோட்டு வேலைகள் எல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிறவைதான்.

எவ்வளவு நேரம் கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று சொல்லி இரண்டு மணி நேரம் மட்டும் கொடுங்கள். முதல் மாதம் தினமும் வந்து மூன்றாவது மாதம் காணாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படிப் போனவன்தான். போனவரின் கையில் இருந்த சாவியும் நோட்டும் யாரிடம் என்று தேடுவதிலேயே மற்றவர்களுக்கு ஒரு மாதம் ஓடிவிடும்.

அந்த அம்மாவிடம் திரும்பப் போங்கள். கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், உங்கள் வீட்டுக்குப் பின்னால்தானே இருக்கிறார். அவ்வளவு பேரில் உங்களைத் தேடி வந்து பேனரைக் கொடுத்திருக்கிறார். நீங்கள் ஓரமாக நின்றதை அங்கே பார்த்த ஒரே ஆள் அவர். ஒரு மணி நேரமும் கீழே விடாமல் பிடித்திருந்தீர்கள் என்பதையும் பார்த்திருப்பார். கடிதத்தில் அவர் பெயர் இல்லை. கேட்டீர்களா?

அன்புடன்.