களைப்பும் கைநீட்டலும்

அன்புள்ள ஐயா,

திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் காவல்துறையினரால் அடித்துக் கொல்லப்பட்டது குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். கொலையை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. என் அப்பா இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வுபெற்றவர். அவர் வீட்டில் இருந்த தீபாவளி ஒன்றுகூட என் நினைவில் இல்லை. ஓய்வுபெற்ற எட்டாம் மாதம் மாரடைப்பு வந்து பிழைத்தார். உங்கள் கட்டுரையில் காவலர்களின் மன அழுத்தம் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது. பதினாறு மணி நேரம் நின்றுகொண்டே இருப்பவன் ஒரு கணம் நிதானம் தவறுவது மனித இயல்புதானே? என் தம்பி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறி, பயிற்சிக்குப் போகக் காத்திருக்கிறான். அவனிடம் நான் என்ன சொல்வது?

எஸ்., விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் வருத்தம் நியாயமானது. அந்தக் கட்டுரையில் நான் காவலர்களின் பணிச்சுமையைப் பற்றி எழுதாமல் விட்டது மறதியால் அல்ல. ஒருவர் அடித்துக் கொல்லப்பட்ட செய்தியின் பக்கத்திலேயே கொன்றவர்களின் களைப்பை எழுதினால் அது சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடும் என்ற அச்சத்தால்தான். ஆனால் எழுதாமல் விட்டது விட்டதுதான்.

களைப்பு எவ்வளவு என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. காமன் காஸ் அமைப்பும் சிஎஸ்டிஎஸ் ஆய்வு மையமும் இணைந்து 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலர்களிடம் நேரில் கேட்டு 2019-இல் வெளியிட்ட அறிக்கை, சராசரி வேலை நேரம் நாளொன்றுக்கு 14 மணி என்கிறது. வார விடுமுறையே கிடைப்பதில்லை என்று இருவரில் ஒருவர் சொல்லியிருந்தார். தமிழ்நாட்டில் வார ஓய்வுக்கு 2021-இல் அரசாணையே வந்துவிட்டது. உங்கள் அப்பாவிடம் கேட்டால் அதன் நடைமுறையைச் சொல்வார்: பதிவேட்டில் ஓய்வு இருக்கும், ஆள் பந்தோபஸ்தில் இருப்பார். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் சிறப்பு உதவி ஆய்வாளராக நெடுங்காலம் 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. உயரதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களை அனுப்பும் ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசு ஒழித்துவிட்டது. ஒழித்த முறையை ஏன் இன்னும் ஒழிக்கவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் கேட்க நேர்ந்தது. துன்பம் கடைநிலைக் காவலரோடு நிற்பதுமில்லை. 2023 ஜூலையில் கோவை சரக டிஐஜி தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது, அவர் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்தவர் என்பது வெளியே தெரிந்தது.

உங்களோடு நான் வேறுபடும் இடம் ‘நிதானம் தவறுவது’ என்ற சொல். பல ஆண்டுகளுக்கு முன் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொன்னால் என் தரப்பு உங்களுக்கு விளங்கக்கூடும்.

பேருந்தில் சான்றிதழ்கள் இருந்த பையைத் தொலைத்துவிட்டு, புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குவதற்காகத் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் காவல் நிலையத்தில் இரவு எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஊரில் கோயில் கொடை; மறுநாள் அமைச்சர் வருகை. ஒன்பது மணி வாக்கில் பந்தோபஸ்து முடிந்து வந்த ஏட்டு ஒருவர், ரைட்டரின் மேசைக்கு அருகே முக்காலியில் அமர்ந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறை பாதத்தோடு ஒட்டியிருந்ததால் அதை உரிக்க வேண்டியிருந்தது. நெடுநேரம் நீரில் கிடந்த கால்போல உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவர் அதைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தபோது வயர்லெஸ் மைக்கில் யாரோ உயரதிகாரி, முன்னெச்சரிக்கைக் கைது எத்தனை என்று கேட்டு ஆய்வாளரைக் கிழித்தெடுத்தார். நிலையம் முழுவதும் அது கேட்டது. ஆய்வாளர் வெளியே வந்து, ஏட்டையாவின் முன்னால் கோப்பு ஒன்றை விட்டெறிந்து, “ஏன்யா, இங்க என்ன கழுதையா மேய்க்கிற?” என்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர் வெறுங்காலோடு எழுந்து விறைப்பாக நின்றார்.

மூலையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மோட்டார் திருட்டு என்று பிடித்து வந்திருந்தார்கள். அரைஞாண் கயிறுகூட அவிழ்க்கப்பட்டு, உள்ளாடையோடு சுவரில் சாய்ந்திருந்த அவன் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேட்டான். ஏட்டு எழுந்து போய் அவன் கன்னத்தில் நாலு அறை அறைந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இதுவரை கதை நீங்கள் சொல்வதுபோலத்தான் இருக்கிறது. மேலே இருந்து வந்தது கீழே இறங்கியது. ஒரு மனிதர் நிதானம் தவறினார்.

பத்தரை மணிக்கு ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குடித்துவிட்டு யாரையோ மோதிய அரிசி ஆலை முதலாளியின் மகன் அதிலிருந்து இறங்கினான். உள்ளே வந்தவன் அதே ஏட்டையாவை, இங்கே எழுத முடியாத சொல்லால், அவருடைய தாயைச் சேர்த்துத் திட்டினான். வெளுத்த காலும் பதினைந்து மணி நேர உழைப்பும் ஆய்வாளரின் கழுதையும் எல்லாம் அப்படியே இருந்தன. ஏட்டு சொன்னது இது: “தம்பி, உக்காருங்க. அப்பாவுக்குப் போன் போட்டாச்சு, வந்துருவாங்க.” சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார்.

அன்றிரவு அவருடைய நிதானம் ஒரு நொடிகூடத் தவறவில்லை, எஸ். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்பதை அத்தனை அசதியிலும் அவர் துல்லியமாகக் கணக்கிட்டிருந்தார். களைப்பு அவருக்குள் ஒரு சினத்தைச் சேர்த்தது என்பது உண்மை. அந்தச் சினம் எவன்மீது இறங்கலாம் என்பதைத் தீர்மானித்தது களைப்பல்ல. ஏழையாகவோ, கேட்க நாதியற்ற சாதியாகவோ, முன்பே ஒரு வழக்கு இருப்பவனாகவோ ஒருவன் அகப்பட்டால் அவனை அடிப்பதற்கு ஒன்றும் ஆகாது என்ற அனுமதி அந்தக் கட்டடத்துக்குள் இருந்தது. மன அழுத்தம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் தயங்குவது இதனால்தான்: அது சினத்தை விளக்குகிறது, அனுமதியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அந்த அனுமதி மிகப் பழையது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1855-இல் வெளிவந்தது. கிட்டி போடுவதும் அண்ணந்தாள் போடுவதும் நம் சொற்களிலேயே அந்த ஆங்கில அறிக்கையில் இடம்பெற்றிருக்கின்றன. இரு கழிகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது கிட்டி. தலையைக் காலோடு சேர்த்துக் குனியவைத்துக் கட்டிப்போடுவது அண்ணந்தாள். வரி வசூலித்தவர்களின் கையிலேயே காவல் அதிகாரமும் இருந்த காலம் அது. வசூலாக வேண்டும், அதற்குக் கிட்டி ஒரு கருவி. கலப்பை உழவனுக்கு எப்படியோ அப்படி. பின்னர் 1859-இல் சட்டம் இயற்றித் தனிக் காவல்துறையை அமைத்தார்கள்.

இன்று வரிக்குப் பதிலாக ‘ரெக்கவரி’, அதாவது களவுபோன பொருளை மீட்பது. இது துறைக்கு வெளியே உள்ளவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. சொன்னவர்களுக்கே போலீசாரைப் பற்றி இருந்த மதிப்பு அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும் என்று 27-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்துவைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்தக் கதவு 23-ஆம் பிரிவுக்குள் அப்படியே இருக்கிறது. காணாமற்போன நகை வந்தால் வழக்கு முடிந்தது, புகார் கொடுத்தவருக்கு மகிழ்ச்சி, மைக்கில் திட்டு இல்லை. எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மடப்புரத்திலும் புகார் நகையைப் பற்றியதுதான். 2025 ஜூன் 27 அன்று அஜித்குமாரை அழைத்துச் சென்றது தனிப்படை. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. உடற்கூறாய்வில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். ஒரு கணம் நிதானம் தவறினால் ஒரு அறை விழும், இரண்டு விழும். நாற்பது காயங்களுக்கு நேரம் வேண்டும், கழி வேண்டும், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், நடுவில் இளைப்பாறவும் வேண்டும். அதை வேலை என்றுதான் சொல்ல முடியும்.

மேற்சொன்ன 2019 அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவைக்கக் குற்றவாளியை அடிப்பதில் தவறில்லை என்று ஏறக்குறைய ஐந்து காவலரில் நால்வர் கருதினார்கள். வேலை நேரத்தைப் பற்றிய பக்கங்களைக் காட்டி இரக்கம் கோருகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். (பொதுமக்களாகிய நாமும் ஒழுங்கில்லை. போலீசாரிடம் பிடிபட்டுக் கையில் மாவுக்கட்டோடு வரிசையாக நிற்கும் இளைஞர்களின் படத்தின் கீழே ‘கழிவறையில் வழுக்கி விழுந்தார்’ என்று வருவதைப் படித்துச் சிரித்து, பத்துப் பேருக்கு அனுப்புகிறவர்களில் படித்தவர்கள் நிறையப் பேர்.)

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 19 இரவு வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அங்கே காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டார்கள். 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். கொரோனாக் காலம். காவலர்கள் வெயிலிலும் நோயச்சத்திலும் வாரக்கணக்காகத் தெருவில் நின்றிருந்தார்கள் என்று அப்போது பலரும் சமாதானம் சொன்னார்கள். அதே நிலையத்தில் அதே இரவு பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதிக்கும் அதே கொரோனாதான், அதே வேலை நேரந்தான். விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேசையிலும் படிந்திருந்த ரத்தக்கறையையும் சொன்னவர் அவர். வாக்குமூலத்தில் கையெழுத்திட அவர் அஞ்சித் தயங்கியதை நடுவரே பதிவு செய்தார். வெளியே சக காவலர்கள் குழுமியிருந்தார்கள். விசாரிக்க வந்த நடுவரையே ஒரு காவலர் ஒருமையில் இழிவாகப் பேசிய இடம் அது. மன அழுத்தம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் அன்று ரேவதி அந்த நாற்காலியில் அமர்ந்து அனுபவித்ததுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் அதிலிருந்து வெளியேறிய வழி கைநீட்டுவதாக இல்லை.

அழுத்தத்தைத் தாங்கக் காவலர்கள் கையாளும் வழிகளை உங்கள் வீட்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள்: வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிடுவது, குடி, எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பது, எல்லாவற்றையும் கேலியாக்கி மரத்துப்போவது. இவற்றுக்காக பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாடு காவல்துறை 2018-இல் நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் மூச்சுப் பயிற்சி முடித்துத் திரும்புகிறவர் போவது அதே மைக்கின் முன்னால்தான். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் காவலர்கள் தங்களை வாட்டுவதாகச் சொல்வது கத்தி, துப்பாக்கி அபாயங்களைக் காட்டிலும் துறைக்குள் நடக்கும் அவமதிப்பு, விடுப்பு மறுப்பு, பாரபட்சம் ஆகியவற்றைத்தான். அதை எங்கே போய்ச் சொல்வது? 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் அனுமதியில்லாமல் அவர்கள் சங்கம் அமைக்க முடியாது. எந்த அதிகாரியைப் பற்றி மனக்குறையோ அவரிடமே மனுக் கொடுத்து மெமோ வாங்கிக்கொண்டு வரவேண்டும்.

அடிபட்டவன் நிலையும் அதுவே. காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் பிறப்பித்த ஆணைகளில் சுதந்திரமான காவல் புகார் ஆணையமும் ஒன்று. தமிழ்நாடு 2013-இல் சட்டம் இயற்றி, அந்த ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டிஜிபியையும் உறுப்பினராக்கியது. துறையைப் பற்றிய புகாரைத் துறையே கேட்கும். காவலர் தட்டினாலும் காவலரால் அடிபட்டவன் தட்டினாலும் திறக்காமலிருப்பது ஒரே கதவு. இந்த இருவரில் ஒருவருக்காகப் பேசினால் மற்றவரை விட்டுக்கொடுத்தது போல நாம் பேசிப் பழகியிருக்கிறோம். உங்கள் கடிதத்தில் அந்தப் பழக்கம் கொஞ்சம் இருக்கிறது, என் கட்டுரையிலும் இருந்தது.

தம்பியிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது நல்ல வேலை, நல்லவர்கள் போக வேண்டிய வேலை. எட்டு மணி நேர வேலையும் வார ஓய்வும் கேட்பதற்கு அவன் கூச்சப்படக் கூடாது. டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கைது நெறிகளைப் பயிற்சியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்வான். நிலையத்தில் முதல் வாரமே யாரேனும் ஒரு மூத்தவர், ‘அதெல்லாம் அங்கேயே விட்டுட்டு வா’ என்பார். “பிடிச்சுக்கோடா” என்று ஒருவனின் கையை இவனிடம் நீட்டும் நாளும் வரும். அந்த நாளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தால் நல்லது, நின்ற இடத்தில் யோசிக்க நேரம் இருக்காது.

அதைப் பற்றி என்னைவிட உங்கள் அப்பா அவனிடம் நன்றாகப் பேச முடியும். அத்தனை ஆண்டுப் பணியில், பிடித்துக்கொள்ள மறுத்த காவலர் யாரையாவது அவர் பார்த்திருக்கிறாரா, மறுத்த பிறகு அந்தக் காவலருக்கு என்ன ஆயிற்று என்று தம்பியை வைத்துக்கொண்டு கேளுங்கள். அப்பா சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.