லே விமானம் ஏன் காலையிலேயே கிளம்பிவிடுகிறது?

கேள்வி: லடாக்கிலிருந்து திரும்பும்போது, வெயில் அதிகம் என்று விமானத்தையே ரத்து செய்துவிட்டார்கள். பனிமூட்டம் என்றால் புரிகிறது. வெயிலுக்குமா?

பதில்: வெயிலுக்குத்தான். லே விமான நிலையம் இருப்பது சுமார் 10,700 அடி உயரத்தில். அங்கே காற்று ஏற்கெனவே மெலிசு, சூடானால் இன்னும் மெலியும். இறக்கை தாங்கி நிற்பதும் காற்றில், இன்ஜின் இழுத்துத் தள்ளுவதும் காற்றைத்தான். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பஞ்சம். லேயில் 30 டிகிரி அடித்தால், விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 15,000 அடி உயரத்தில் ஓடுபாதை இருப்பதற்குச் சமம். மேலெழும்ப அதிக வேகம் வேண்டும், அந்த வேகத்தை எட்ட நீண்ட ஓட்டம் வேண்டும். இன்ஜினோ சோர்ந்திருக்கிறது. எழும்பிவிட்டாலும் கவலை தீராது. ஒரு இன்ஜின் நின்றுபோனால்கூட, மற்றதை வைத்துக்கொண்டு சுற்றியுள்ள மலைகளைத் தாண்டியாக வேண்டும். அதனால்தான் குளிர்ந்த காலை நேரத்திலேயே பெரும்பாலான விமானங்கள் அங்கே வந்து போகின்றன. 2024 ஜூலைக் கடைசியில் வெப்பம் 36 டிகிரி பக்கம் போனபோது, அடுத்தடுத்து விமானங்கள் ரத்தாயின. உங்கள் விமானத்தை நிறுத்தியவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

கேள்வி: சீட் காலியாக இருந்தும் எங்கள் பெட்டிகளை அடுத்த விமானத்தில் அனுப்பினார்கள். ஏன்?

பதில்: சீட் வேறு, எடை வேறு. போயிங் 737-800 அதிகபட்சம் சுமார் 79 டன்னுடன் கிளம்பலாம். அது எல்லாம் கூடிவந்தால். குட்டையான ஓடுபாதை, ஈரம், சூடு என ஒவ்வொன்றும் அதிலிருந்து கழியும். எரிபொருளில் கைவைக்க முடியாது. அப்புறம் மிச்சம் இருப்பது பெட்டிதானே?

கேள்வி: கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர் போடுகிறதே, தப்பு வருமா?

பதில்: நாம் கொடுக்கும் எண் தப்பென்றால் வரும். 2009 மார்ச் 20, மெல்போர்ன். ஏர்பஸ் ஏ340 விமானத்தின் எடை 362.9 டன். உள்ளிட்டது 262.9. ஒரே ஒரு இலக்கம்தான், ஆனால் நூறு டன்! கம்ப்யூட்டர் அந்த எடைக்கேற்ற குறைந்த வேகத்தையும் குறைந்த இன்ஜின் விசையையும் சொன்னது. மூக்கைத் தூக்கியதும் விமானம் எழவில்லை. வால் ஓடுபாதையில் உரசியது. கேப்டன் முழு விசை கொடுக்க, ஓடுபாதை முடிந்த பிறகே மேலேறியது. 275 பேரும் பிழைத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

கேள்வி: பின்காற்று இருந்தால் நல்லதுதானே?

பதில்: வானத்தில் நல்லது, இறங்கும்போது கெடுதல். தரை வேகம் 10 சதவீதம் கூடினால், நிற்கத் தேவையான தூரம் சுமார் 21 சதவீதம் கூடும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஒரு விமானம் இறங்கும்போது மழை, பின்காற்று இரண்டும் சேர்ந்தன. சக்கரம் தரையைத் தொட்டதே ஓடுபாதையில் 1,350 மீட்டர் தள்ளி. மிச்சப் பாதையில் நிற்க முடியாமல் ஓடுபாதையைத் தாண்டிப் போய்விட்டது. 21 பேர் இறந்தார்கள்.

கேள்வி: ஓடுபாதையில் ஓடும்போது இன்ஜின் பழுதானால் நிறுத்த மாட்டார்களாமே?

பதில்: ஒரு வேகம் வரைக்கும் நிறுத்துவார்கள். அதன் பெயர் வி-ஒன். அதைத் தாண்டிவிட்டால் நிறுத்தப் பாதை போதாமல் போகலாம். ஒற்றை இன்ஜினில் எழும்புவதுதான் பாதுகாப்பு. 'வி-ஒன்' என்ற குரல் கேட்டதும், கேப்டன் த்ரஸ்ட் லீவரிலிருந்து, அதாவது இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலிலிருந்து, கையை எடுத்துவிடுவார்.